மறைத்த பெயரும் உரக்கப் படித்த பெயரும்

1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் இறந்துபோனார்கள். கண்ணுக்குள்ளோ மண்டைக்குள்ளோ ஏறிய அழுத்தத்தைக் குறைப்பதற்காக அவர்களுக்குக் கிளிசரின் கொடுக்கப்பட்டிருந்தது. அந்தக் கிளிசரினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்திருந்தது. உடலுக்குள் போனால் சிறுநீரகத்தை முடக்கிவிடும் நஞ்சு அது. விசாரித்த நீதிபதி லெண்டின் ஆணையம் கலப்படம் செய்தவரோடு நிற்கவில்லை. மருந்தை வாங்கிய மருத்துவமனை நிர்வாகம், கண்காணிக்க வேண்டிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அதற்கு மேலிருந்த அமைச்சகம் என்று ஒவ்வொரு படியிலும் நடந்த தவறுகளை எழுதிவைத்தது. ஒரு பொது நிறுவனம் தரம் தாழ்ந்தால் யார் சாகிறார்கள் என்பதற்கு இந்திய நிர்வாக வரலாற்றில் இதைவிடத் தெளிவான ஆவணம் குறைவு.

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குகிறவரின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பெனி மருந்து என்பதை அவர் தேர்ந்தெடுப்பதில்லை. காசு கொடுக்காததால் திருப்பிக் கேட்கவும் அவரிடம் ஒன்றுமில்லை. மாத்திரைக்குள் மருந்து உரிய அளவில் இருக்கிறதா என்று பார்த்தோ சுவைத்தோ கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சல் இறங்காவிட்டால் நோய்தான் முற்றிவிட்டது என்று நினைப்பாரே தவிர, மருந்தைச் சந்தேகிக்க மாட்டார். வெளியே வாங்கலாம் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

தர மேலாண்மை என்னும் துறை தொழிற்சாலைகளில் பிறந்து வளர்ந்தது. அங்கே கடைசி நீதிபதி வாடிக்கையாளர். பொருள் சரியில்லை என்றால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், விற்பனை விழும், முதலாளி விழித்துக்கொள்வார். பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில் இந்த வெளியேற்றத்தையும், உள்ளேயே நின்று குரல் எழுப்புவதையும் இரண்டு தனி ஆற்றல்களாகப் பிரித்துக் காட்டினார். அவருடைய சிந்தனையைத் தூண்டியது நைஜீரிய ரயில்வே. லாரிகள் வந்து போட்டி போட்டபோது ரயில்வே திருந்தும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. தரம் கேட்டுச் சண்டை போடக்கூடிய வணிகர்கள் லாரிக்கு மாறிவிட்டார்கள். வருமானம் குறைந்தாலும் அரசு ஈடுகட்டும் என்பதால் ரயில்வேக்கு வலிக்கவில்லை. சண்டை போடத் தெரியாதவர்கள் மட்டும் மிஞ்சினார்கள், ரயில்வே இன்னும் மோசமானது. நம்முடைய அரசுப் பள்ளிகளையும் நகரப் பேருந்துகளையும் அரசு மருத்துவமனைகளையும் பற்றி யோசிக்கிறவர்கள் இந்த உதாரணத்தை விட்டு எளிதில் நகர முடியாது. வசதியுள்ளவர் வெளியேறும்போது பணத்தோடு குரலையும் எடுத்துக்கொண்டு போகிறார்.

ஆகவே பொது நிறுவனத்தில் தரம் என்பதும் சமூகப் பொறுப்பு என்பதும் ஒரே வேலைதான் என்று நான் கருதுகிறேன். வெளியேற வழியில்லாத ஒருவருக்கு, அவர் கேட்காமலே, தரத்தை உறுதிப்படுத்துவது அந்த வேலை. ஆனால் நடைமுறையில் இவ்விரண்டையும் இரண்டு அலுவலகங்களில் பிரித்து வைத்திருக்கிறோம். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடச் சொல்கிறது. பொதுத்துறை நிறுவனங்களும் இதில் அடக்கம். பள்ளிக்குக் கழிப்பறை, ஊருக்குக் குடிநீர்த் தொட்டி என நல்ல காரியங்கள் பல இந்தப் பணத்தில் நடக்கின்றன. கூடவே, மீதி 98 சதவீதத்துக்குச் சமூகப் பொறுப்பு கிடையாது என்ற மனநிலையும் வளர்ந்துவிடுகிறது. தரம் இன்னொரு பக்கம் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழாகக் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்குகிறது. அதே ஐ.எஸ்.ஓ. அமைப்பு 2010இல் சமூகப் பொறுப்புக்கென்று 26000 என்ற எண்ணில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதை வைத்துச் சான்றிதழ் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பது அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. தன் முடிவுகள் சமூகத்தின் மீது உண்டாக்கும் விளைவுகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும், அது அரசுடையதோ தனியாருடையதோ, தானே பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். சுவரில் மாட்ட முடியாததாலோ என்னவோ, நம் அலுவலகங்களில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்தப் பிரிவினையை ஓரளவுக்கு உடைத்துக் காட்டிய ஒரு நிறுவனம் நம்மிடமே இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் மாநில அரசின் நிறுவனமாகப் பதிவாகி, 1995 தொடக்கத்தில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கத் தொடங்கியது. அதன் முதல் மேலாண் இயக்குநர் ஐ.ஏ.எஸ். அதிகாரி பூர்ணலிங்கம். அதற்கு முன்பு கொள்முதல் பல கைகளில் சிதறிக் கிடந்தது. சில மருந்து மலைபோல் குவிந்து காலாவதியாகும், வேறு சில மருந்து மாதக்கணக்கில் இருக்காது. பணம் எப்போது வரும் என்று தெரியாததால் நல்ல உற்பத்தியாளர்கள் அரசுக்கு விற்க முன்வரவில்லை. முறைகேடு பற்றிய புகார்களும் இருந்தன.

கழகம் செய்த மாற்றங்களில் எதுவும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முன்மாதிரியாகக் கொண்டு, வாங்க வேண்டிய மருந்துகளைச் சில நூறாகச் சுருக்கினார்கள். வணிகப் பெயரை விட்டு மூலப்பெயரில் வாங்கினார்கள். ஒப்பந்தப்புள்ளியை இரண்டு உறைகளாக்கினார்கள்: உற்பத்தித் தகுதியைச் சொல்லும் முதல் உறையில் தேறியவருடைய விலை உறைதான் திறக்கப்படும். டப்பாக்களில் உதிரியாக வந்த மாத்திரைகளுக்குப் பதில் அட்டைகளில் அடைத்துத் தரச் சொன்னார்கள், அட்டையின் மேல் அரசு வழங்கல், விற்பனைக்கு இல்லை என்று அச்சிடச் செய்தார்கள். மருத்துவமனைக் கிடங்கிலிருந்து வெளிக்கடைக்கு மருந்து நழுவும் பாதை இதனால் குறுகியது. மாவட்டங்களில் கிடங்கு கட்டி, இருப்பைக் கணினியில் ஏற்றினார்கள்.

இரண்டு ஏற்பாடுகளைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வங்கிப் புத்தகம் போல ஒன்று கொடுத்து, அந்த ஆண்டுக்கு அதற்குரிய பண மதிப்பை அதில் எழுதினார்கள். அந்த மதிப்புக்குள் எந்த மருந்து எவ்வளவு என்பதை அங்குள்ள மருத்துவர் முடிவு செய்து கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்வார். வயல்வெளி ஊரில் பாம்புக்கடி மருந்து கூடுதலாக வேண்டும், நகரத்து மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை கூடுதலாக வேண்டும். இதைச் சென்னையில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டிய தேவை ஒழிந்தது.

மற்றொன்று பரிசோதனை. கிடங்குக்கு ஒரு பேட்ச் மருந்து வந்ததும் அது நேரே மருத்துவமனைக்குப் போகாது. முதலில் மாதிரி எடுக்கப்பட்டுத் தலைமையகத்துக்கு வரும். அங்கே உற்பத்தியாளர் பெயர் தெரியாதபடி மறைத்து, இரகசிய எண் ஒன்றைக் கொடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகங்களில் ஒன்றுக்கு அனுப்புவார்கள். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது. தன் மருந்து எந்த ஆய்வகத்துக்குப் போனது என்பது உற்பத்தியாளருக்குத் தெரியாது. தேறிய பிறகுதான் மருந்து கிடங்கை விட்டு நகரும். தேறாத மருந்து திரும்பிப் போகும், தொடர்ந்து தவறினால் கருப்புப் பட்டியல். ஒழுங்காகத் தருகிறவருக்குத் தாமதமின்றிப் பணம் கிடைக்கும் என்ற பெயர் வந்ததும் நல்ல நிறுவனங்கள் போட்டிக்கு வந்தன, விலையும் இறங்கியது.

இதில் என்னை மிகவும் கவர்வது, யாரும் உத்தமராக இருக்க வேண்டும் என்று இந்த முறை எதிர்பார்க்கவில்லை என்பதுதான். ஆய்வகத்தில் இருப்பவர் சராசரி மனிதராக இருந்தால் போதும். யாருக்குச் சலுகை காட்டுவது என்று தெரியாதபோது சலுகை காட்ட இடமில்லை. மருந்து வழங்கும் சன்னலில் நிற்கும் நோயாளி கேட்க முடியாத கேள்வியை அவர் சார்பில் ஒரு நடைமுறை கேட்டுவிடுகிறது. கேரளம், ராஜஸ்தான் முதலிய மாநிலங்கள் பின்னர் இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்ததற்கு இது முக்கியக் காரணம்.

குறைந்த விலைக்கு எடுப்பது என்ற அரசு மரபை இந்த முறை கைவிடவில்லை, அதற்கு முன்னால் ஒரு கதவு வைத்தது, அவ்வளவுதான். அந்தக் கதவு இல்லாமல் மலிவை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாடிசன் நகரில் 1983இல் மேயரான ஜோசஃப் சென்சன்பிரென்னர், தர மேலாண்மையின் முன்னோடி எட்வர்ட்ஸ் டெமிங்கின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டு நகராட்சியில் அவற்றைச் செய்து பார்த்தார். தொடங்கிய இடம் நகராட்சி வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை. வண்டிகள் ஏன் நாள்கணக்கில் நிற்கின்றன என்று மெக்கானிக்குகளோடு சேர்ந்து தேடியபோது, உதிரிப் பாகம் கையில் இல்லாததுதான் சிக்கல் என்று தெரிந்தது. ஏன் இல்லை என்றால், வாங்கும் நாளில் எது மலிவோ அதை வாங்கியதால் எண்ணற்ற மாடல்கள் சேர்ந்துவிட்டன, எல்லாவற்றுக்கும் பாகம் வைத்திருக்க இயலவில்லை. விலைச்சீட்டை மட்டும் பார்த்து வாங்காதே என்று டெமிங் சொல்லிவந்ததை அந்தப் பட்டறைத் தொழிலாளர்கள் தங்கள் கணக்கிலேயே நிறுவிவிட்டார்கள். மேலிருந்து யாரும் அவர்களை அதுவரை கேட்டிருக்கவில்லை.

கழகம் பதிவான அதே 1994இல், டிசம்பர் மாதம், ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற ஊரில் முற்றிலும் வேறு மாதிரியான ஒரு தரப் பரிசோதனை நடந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு ஊரைக் கூட்டி, அரசு வேலைத் திட்டங்களின் வருகைப் பதிவேட்டிலும் செலவுக் கணக்கிலும் இருந்தவற்றை வெளிச்சத்தில் வைத்துப் படித்தது. வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது, முடிந்ததாகக் கணக்கு காட்டிய கட்டடத்துக்குக் கூரை இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பெயருக்குரியவர்களையும் தெரியும், அந்தக் கட்டடத்தையும் தெரியும். மருந்துக் கிடங்கில் பெயரை மறைத்ததால் உண்மை வெளிவந்தது, இங்கே பெயரை உரக்கப் படித்ததால் வெளிவந்தது. இரண்டும் முரண் போலத் தெரியலாம். மருந்தின் தரத்தை ஆய்வகம்தான் அறிய முடியும், அதனால் ஆய்வகத்தைச் செல்வாக்கிலிருந்து காக்க வேண்டியிருந்தது. கூலி வந்ததா, கூரை இருக்கிறதா என்பதை ஊர்தான் அறியும், அதனால் கணக்கை ஊருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. உண்மை யாரிடம் இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப நடைமுறையை அமைத்ததில் இரண்டும் ஒன்றுதான். இந்தப் பொது விசாரணைகளிலிருந்து வளர்ந்த இயக்கம் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குத் தூண்டுகோலானது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், 17ஆம் பிரிவில், கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. மேகாலயா 2017இல் வேலைத் திட்டத்தைத் தாண்டிப் பல நலத் திட்டங்களுக்கும் சமூகத் தணிக்கையை விரித்துத் தனிச் சட்டமே இயற்றியது.

எண்கள் நன்றாக இருந்தும் தரம் சாகலாம் என்பதை இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனை காட்டியது. அதை நடத்திய மிட் ஸ்டாஃபர்ட்ஷையர் நிர்வாகம், தன்னாட்சி கொண்ட உயர்நிலை மருத்துவமனை அமைப்பு என்ற தகுதியை 2008 பிப்ரவரியில் பெற்றது. அந்தத் தகுதிக்காகச் செலவைக் குறைத்தது, செவிலியர் பற்றாக்குறையோடு வார்டுகளை ஓட்டியது. அவசரப் பிரிவுக்கு வருகிறவரை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து முடிக்க வேண்டும் என்ற தேசிய இலக்கு இருந்தது. இலக்கு எட்டியதாகக் காட்டப் பதிவேட்டு நேரங்கள் மாற்றி எழுதப்பட்டதாக அங்கே பணியாற்றிய செவிலியர் ஹெலீன் டானலி பின்னர் சாட்சியம் சொன்னார். தண்ணீர் தர ஆளில்லாமல் பூச்சாடித் தண்ணீரைக் குடித்த நோயாளிகளைப் பற்றி உறவினர்கள் சொன்னார்கள். தன் தாயை அங்கே பறிகொடுத்த ஜூலி பெய்லி என்ற பெண்மணி மற்ற குடும்பங்களைத் திரட்டிப் போராடிய பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. புகார்க் கடிதங்கள் எல்லாக் காலத்திலும் வந்துகொண்டுதான் இருந்தன. நிர்வாகக் குழு எண்களைப் படித்தது, கடிதங்களைப் படிக்கவில்லை. சிகிச்சையில் தீங்கு நேர்ந்தால் நோயாளியிடமோ குடும்பத்திடமோ மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது அடுத்த ஆண்டு அங்கே சட்டக் கடமையானது.

குடும்பத்தின் சொல்லைத் தர மேலாண்மைக்குள் கொண்டுவரும் முயற்சியில் தமிழ்நாட்டு அனுபவம் முன்னோடியானது. 1990களிலேயே இங்கே பேறுகால மரணம் ஒவ்வொன்றையும் ஆராயும் பழக்கம் தொடங்கிவிட்டது. 2010இல் இது நாடு முழுவதற்கும் வழிகாட்டியாக வந்தது. ஒரு தாய் இறந்தால் கிராம சுகாதார செவிலியர் உடனே தகவல் தர வேண்டும். பிறகு மருத்துவக் குழு அந்த வீட்டுக்குப் போய் விசாரிக்கும்: வலி எப்போது வந்தது, வண்டி எப்போது கிடைத்தது, எந்த மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், இரத்தம் இருந்ததா. மருத்துவமனைப் பதிவேடுகள் தனியே ஆராயப்படும். இறுதியில் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கூட்டம் நடக்கும், இறந்தவரின் உறவினர்களும் அங்கே வந்து நடந்ததைத் தங்கள் வாயால் சொல்லலாம். யார் குற்றவாளி என்று கண்டுபிடிப்பது நோக்கம் கிடையாது, எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்ப்பதுதான் நோக்கம் என்பது வழிகாட்டியின் அடிப்படை.

மூன்று செவிலியரோடு இரவு பகலாக இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையம், மகப்பேறு அவசர சிகிச்சை மையம், இரத்த சேமிப்பு வசதி, 108 ஆம்புலன்ஸ் எனப் பல ஏற்பாடுகள் இதே காலகட்டத்தில் வந்தன. ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இறக்கும் தாய்மார் எண்ணிக்கை தமிழ்நாட்டில் 2001–03இல் 134 ஆக இருந்தது, 2018–20இல் 54 ஆகக் குறைந்தது. இந்திய அளவில் அது 301இலிருந்து 97 ஆனது. இதில் மரண ஆய்வின் பங்கு இவ்வளவு என்று பிரித்தெடுக்க இயலாது. பெண் கல்வியும் சாலையும் பேருந்தும் சேர்ந்த கணக்கு இது. ஆனால் எந்த இடத்தில் எது இல்லை என்பதை ஒவ்வொரு சாவும் சொல்லும்படி ஒரு வழி இருந்தது என்பது உறுதி.

அந்த மரண ஆய்வுக் கூட்டத்திலும் ஆபத்து இருக்கிறது. ஆட்சியர் மேசைக்கு எதிரே, வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவே, மனைவியை இழந்த ஒரு கூலித் தொழிலாளி எவ்வளவு பேசிவிடுவார்? இன்னொரு பக்கம், ஆய்வு வசவாக மாறிவிட்டால் மருத்துவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளப் பழகுவார்கள். சிக்கலான பிரசவம் வந்தால் தங்கள் கட்டடத்தில் சாவு விழக் கூடாது என்று அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பிவிடத் தோன்றும். வழியில் போகும் நேரம்தான் அந்தத் தாய்க்கு இல்லாத நேரம். நிறுவனத்திலிருந்து அச்சத்தை விரட்டு என்று டெமிங் தன் 14 கொள்கைகளில் ஒன்றாக வைத்ததன் முழுப் பொருளும் இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது. அச்சமுள்ள இடத்தில் எண் பொய்யாகும். ஸ்டாஃபர்டில் ஆனது அதுதான்.

இவ்வளவு அனுபவம் கையிலிருக்கும் மாநிலத்தில்தான் 2025இன் இருமல் மருந்து நஞ்சும் உருவானது. மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா பகுதியில் செப்டம்பர் மாதத்திலிருந்து குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. அவர்கள் குடித்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது. அக்டோபர் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரியைச் சோதித்தபோது, 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேரைக் கொன்ற அதே நஞ்சு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு. தகவல் வந்ததும் துறை விடுமுறை நாட்களிலும் வேலை செய்து ஓரிரு நாளில் முடிவைச் சொன்னது பாராட்டுக்குரியது. அந்த ஆலைக்குள் உரிய காலத்தில் ஆய்வுக்குப் போயிருந்தால் அந்த அவசரமே வந்திருக்காது. ஆய்வு செய்யத் தவறியதற்காக அதிகாரிகள் மீது நடவடிக்கை வந்தது, ஆலையின் உரிமம் ரத்தானது, எல்லாம் குழந்தைகளைப் புதைத்த பிறகு.

அரசு தனக்காக மருந்து வாங்கும்போது பேட்ச் பேட்சாகச் சோதிக்கிறது. மக்கள் தாங்களே கடையில் வாங்கும்போது அவர்கள் சார்பில் கேள்வி கேட்க வேண்டிய பொது நிறுவனம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. ஒரு தாய் மருத்துவர் எழுதிக் கொடுத்த சிரப்பைக் காசு கொடுத்து வாங்கினாள் என்பதால் அவள் தேர்வு செய்யும் வாடிக்கையாளராகிவிடவில்லை. கிளிசரினையும் கிளைக்காலையும் பிரித்தறிய அவளால் முடியாது. அரசு மருத்துவமனைச் சன்னலில் நிற்பவரைப் போலவே அவளும் வெளியேற வழியில்லாதவள்தான். அப்படியானால் இந்தத் துறையின் தரத்தை எதை வைத்து அளப்பது? வழங்கிய உரிமங்களின் எண்ணிக்கையும் எடுத்த மாதிரிகளின் எண்ணிக்கையும் ஆண்டறிக்கையை நிரப்பும். எந்த ஆலைக்குக் கடைசியாக எப்போது போனார்கள், என்ன கண்டார்கள், சொன்ன குறை சரிசெய்யப்பட்டதா என்ற மூன்று பதில்கள்தான் தாய்க்குப் பயன்படும்.

இந்தப் பதில்களை வெளியிடுவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், அந்நாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் இந்திய ஆலைகளுக்குள் நடத்தும் ஆய்வுகளின் தேதியையும் முடிவையும் தன் இணையத்தளத்தில் வைக்கிறது. எச்சரிக்கைக் கடிதம் எழுதினால் அதுவும் அங்கே வரும். ஹைதராபாத்திலோ அகமதாபாத்திலோ உள்ள ஓர் ஆலையில் அமெரிக்க ஆய்வாளர் என்ன பார்த்தார் என்பதைச் சென்னையில் இருக்கும் ஒருவர் இன்று இரவே படித்துவிடலாம். அதே ஆலைக்குள் நம்முடைய மருந்து ஆய்வாளர் போய் எழுதிய அறிக்கையைப் படிக்க வேண்டுமென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுவிட்டு, அது வணிக இரகசியம் என்ற பதில் வராமல் இருக்க வேண்டுமே என்று காத்திருக்க வேண்டும்.